சான்று கேட்ட பேராசிரியர்

தேஹு ரோடில் வாழும் தமிழர்களாகிய நமக்குப் புனே நகரம் பெரும்பாலும் மூன்று காரியங்களுக்கு உரியது: பெரிய மருத்துவமனை, பிள்ளைகளின் கல்லூரி, தீபாவளிக்கு முந்திய வாரத்துத் துணிக்கடை. லோணாவளாவிலிருந்து வரும் லோக்கல் வண்டியில் ஏறிச் சிவாஜிநகரில் இறங்குகிறோம். வந்த காரியம் முடிந்ததும் அடுத்த வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடுகிறோம். அந்தச் சிவாஜிநகர் நிலையத்துக்கு மேற்கே, சற்றுத் தொலைவில், லா காலேஜ் சாலையை ஒட்டிப் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் அருகே ஓடும் சாலைக்கும் பண்டார்க்கர் சாலை என்றே பெயர். சாலையின் பெயரை ரிக்‌ஷாக்காரரிடம் நம்மிற் பலர் சொல்லியிருப்போம். அப்பெயருக்கு உரியவர் யார் என்பதே இன்றைய பேச்சு.

ராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கர் 1837-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், கொங்கணக் கரையிலுள்ள மால்வண் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வருவாய்த் துறையில் எழுத்தர். அவருக்கு இரத்தினகிரிக்கு மாற்றல் வந்தது; மைந்தருக்கு ஆங்கிலப் பள்ளியிற் படிக்கும் வாய்ப்பும் அதனோடு வந்தது. மாற்றல் உத்தரவு ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றிவிடும் என்பதை நம்மைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? இரத்தினகிரியிலிருந்து பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரிக்குச் சென்றார். அங்கே அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் தாதாபாய் நவுரோஜி. 1857-இல் நிறுவப்பெற்ற பம்பாய்ப் பல்கலைக் கழகம் 1862-இல் தன் முதற் பட்டதாரிகளை வெளியிட்டபோது, மகாதேவ கோவிந்த ரானடேயும் பண்டார்க்கரும் அச்சிறு குழுவில் இருந்தனர்.

வடமொழிப் பேராசிரியர் என்று பின்னாளில் உலகம் அறிந்த இவர், வடமொழியைப் பாட்டனார் மடியில் அமர்ந்து கற்றவரல்லர். கல்வித் துறைத் தலைவராயிருந்த ஆங்கிலேயர் ஒருவரின் தூண்டுதலால், வளர்ந்த பின்னரே அதில் முனைந்தார். புனேயின் சாஸ்திரிகளிடம் இலக்கணமும் நியாயமும் வேதாந்தமும் பாடங் கேட்டார். வயது வந்த பின் ஒரு மொழியைக் கற்பவனுக்கு அதன் தடைக்கற்கள் ஒவ்வொன்றும் நினைவிலிருக்கும். சிந்து மாகாணத்து ஹைதராபாதிலும் பின்னர் இரத்தினகிரியிலும் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராயிருந்த 1860-களில் அவர் மாணவர்க்கென எழுதிய வடமொழி முதற்புத்தகமும் இரண்டாம் புத்தகமும் இதற்குச் சாட்சி. அதுவரை சிறுவன் பொருளறியாமலே வேற்றுமை வாய்பாடுகளையும் நிகண்டுச் செய்யுட்களையும் நெட்டுருச் செய்ய வேண்டியிருந்தது. பண்டார்க்கரோ சில விதிகளைத் தந்தார். சில சொற்களைத் தந்தார். உடனே அவற்றாலான வாக்கியங்களைத் தந்து, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அதனைக் கற்பிக்கும் கருவியாக ஆக்கிய இம்மனிதரிடம் தனிப்பட்ட பற்று உண்டாவது இயல்பே. அப்புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாக அச்சிடப்பெற்று வந்திருக்கின்றன.

எனினும், பண்டார்க்கர் யார் என்பதை அறிய அப்புத்தகங்கள் போதா. 1872-இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரையொன்றைக் காண வேண்டும். அது பதஞ்சலியின் காலத்தைப் பற்றியது. பாணினியின் இலக்கணத்துக்கு மகாபாஷியம் என்னும் பேருரை எழுதிய பதஞ்சலி எக்காலத்தவர்? அவர் தம்மைப் பற்றி ஒரு குறிப்பும் விட்டுச் செல்லவில்லை. ஆண்டுக் கணக்கும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பண்டார்க்கர் எங்கே தேடினார் தெரியுமா? உரையாசிரியர் இலக்கண விதிகளை விளக்க எடுத்துக்காட்டிய சின்னஞ்சிறு வாக்கியங்களில்.

இதனைச் சற்று நின்று விளக்க வேண்டும். தொடங்கிய செயல் இன்னும் முடியவில்லையாயின் நிகழ்காலம் வரும் என்பது ஒரு விதி. அதற்கு உதாரணமாகப் பதஞ்சலி, தாம் ஓரிடத்திற் படித்துக்கொண்டிருப்பதையும் வசித்துக்கொண்டிருப்பதையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில், புஷ்யமித்திரனுக்கு வேள்வி நடத்திக்கொண்டிருப்பதையும் சொல்கிறார். இன்னொரு விதி இறந்த காலத்தின் ஒரு வகையைப் பற்றியது: நிகழ்ச்சி கண்ணெதிரே நடக்கவில்லையாயினும், உலகறிந்ததாய், பேசுகின்றவன் விரும்பியிருந்தாற் கண்டிருக்கக்கூடிய அண்மைக் காலத்ததாய் இருந்தால் அவ்வடிவம் வரும். அதற்கு உதாரணம், யவனன் சாகேத நகரை முற்றுகையிட்ட செய்தி. முற்றுகை பற்றிய உதாரணத்தைக் கோல்ட்ஸ்டூக்கர் என்ற அறிஞர் முன்னரே கவனித்திருந்தார். பண்டார்க்கர் அதனோடு வேள்வியின் நிகழ்காலத்தைச் சேர்த்து வைத்தார். மௌரியருக்குப் பின் மகதத்தை ஆண்ட புஷ்யமித்திரனின் வேள்வி, எழுதுகின்றவருக்கு இன்னும் முடிவுறாத செயல். யவனர் படையெடுப்பு அவர் வாழ்நாளுக்குள் நிகழ்ந்த செயல். ஆகவே பதஞ்சலி கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்தவர்.

ஒரு வினைமுற்றின் காலவிகுதி, ஒரு நூலின் காலத்தைச் சொல்லிவிட்டது! நம் அலுவலகங்களில் தேதியில்லாத பழைய நகல் ஒன்று கைக்கு வந்தால் நாமும் இவ்வாறுதான் செய்கிறோம். ‘பாலம் கட்டப்பட்டு வருகிறது’ என்றிருந்தால் அது திறப்பு விழாவுக்கு முந்தியது என்று கொள்கிறோம். குமாஸ்தாவின் இந்தச் சாமர்த்தியத்தை ஈராயிரம் ஆண்டுக்கு அப்பால் செலுத்துவதற்கு மகாபாஷியம் முழுவதையும் வரி வரியாகக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு. ஜெர்மானியப் பேரறிஞர் வேபர் இம்முடிவை ஒப்பவில்லை. வாதம் நெடுநாள் நடந்தது. இந்தியாவைப் பற்றி ஐரோப்பியர் எழுதுவதும் இந்தியர் படிப்பதுமே வழக்கமாயிருந்த காலத்தில், முப்பத்தைந்து வயது இந்தியர் ஒருவர் பெர்லின் பேராசிரியருடன் சமமாக நின்று, சினமின்றி, சான்றுக்குச் சான்று எடுத்து வைத்தார்.

அவ்வறிஞருக்கு அரசினர் தந்த மதிப்பு என்ன? 1868 முதல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் வடமொழிப் பேராசிரியராகத் தற்காலிகமாய்ப் பணியாற்றி வந்தார். பதவி நிரந்தரமாகும் வேளை வந்தபோது, 1873-ஆம் ஆண்டளவில், சீமையிலிருந்து பீட்டர்சன் என்பவர் அழைத்துவரப்பட்டார். அவர் பண்டார்க்கரினும் பத்து வயது இளையவர். பண்டார்க்கர் அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியரானார். இதனைக் கேட்கும்போது நமக்கு உண்டாகும் கொதிப்பு அவருக்கும் உண்டாகியிருக்கும். ஆனால் அவர் அதனைத் தம் எழுத்தில் ஏற்றவில்லை. அதே ஆண்டுகளில்தான் நாசிக் குகைக் கல்வெட்டுக்களைப் பற்றி 1874-இல் இலண்டனிற் கூடிய கீழ்த்திசை அறிஞர் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பினார். 1876-இல் பவபூதியின் மாலதீமாதவத்தைச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். 1877-இல் வில்சன் மொழியியற் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். கீல்ஹார்ன் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் தாயகம் திரும்பியதால் ஒழிந்த இடத்தில், 1882-இல் புனே டெக்கான் கல்லூரிப் பேராசிரியரானார். 1885-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. மறு ஆண்டு கடல் கடந்து வியன்னா மாநாட்டுக்குச் சென்றார். 1893-இல் ஓய்வு பெற்றதும் பம்பாய்ப் பல்கலைக் கழகத் துணைவேந்தரானார். பட்டங்களையும் பதவிகளையும் இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

டெக்கான் கல்லூரிக் காலத்தில் அரசினர் சார்பில் ஏட்டுச் சுவடி தேடும் பணி அவருக்கு வந்தது. பீட்டர்சனுக்கும் அதில் பங்கு இருந்தது. குஜராத்திலும் ராஜபுதனத்திலும் சமணர்தம் சுவடி நிலையங்களின் கதவுகளைத் தட்டினார். அங்கே காவலர் நம்பிக்கையைப் பெறாமல் ஒரு கட்டையும் அவிழ்க்க முடியாது. இதே காலத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் தெற்கே ஊர் ஊராய்ச் சென்று, பரண்களிலும் மடங்களிலும் பனையேடு தேடிக்கொண்டிருந்தார். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரைத்தான் சொல்கிறோம். ஒருவர் ஆங்கிலம் கற்ற பல்கலைக் கழகப் பேராசிரியர். மற்றவர் திருவாவடுதுறையிற் பாடங் கேட்ட புலவர். பாடவேறுபாடு என்னும் ஒரே துன்பம் இருவரையும் ஒரே நெறிக்குக் கொணர்ந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

பம்பாய் மாகாண விவரச்சுவடிக்காக 1884-இல் அவர் எழுதிய தக்காணத்தின் பழைய வரலாறு, சாதவாகனர், சாளுக்கியர், இராஷ்டிரகூடர், யாதவர் என்ற வரிசையைக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகியவற்றிலிருந்து கட்டியெழுப்பியது. தேஹு ரோடிலிருந்து மறுதிசையில், லோணாவளாவை நோக்கி வண்டியேறினால் மளவலி என்னும் நிலையம் வரும். கார்லா, பாஜா குகைகளுக்கு அங்கேதான் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு நாம் செல்லும் அக்குகையின் சுவரில், புளுமாவி என்னும் சாதவாகன மன்னன் பெயர் பொறித்திருக்கிறது. நாம் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பண்டார்க்கர் அத்தகைய எழுத்துக்களைக் கொண்டு ஒரு நாட்டின் காலக் கணக்கையே வகுத்தார்.

இதுவரை சொன்னவை நூலறிவு. சான்று கேட்கும் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்தால் என்ன ஆகும்?

1891-ஆம் ஆண்டு இவ்வினா அவரை இருமுறை எதிர்கொண்டது. சிறுமியருடன் கூடுவதற்குரிய வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் மசோதா அப்போது விவாதத்தில் இருந்தது. பெண் பூப்பெய்தியவுடன் கருப்பதானச் சடங்கு நடந்தேயாக வேண்டும், சட்டம் அதனைத் தடுத்தால் சமயம் கெடும் என்று எதிர்த்தோர் கூறினர். புனேயில் அவ்வெதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் பால கங்காதர திலகர். பண்டார்க்கர் தரும நூல்களை விரித்துவைத்துச் சிறு நூல் ஒன்று எழுதினார். சடங்கை ஒத்திவைப்பதற்கு அந்நூல்களே இடந்தருகின்றன என்று மேற்கோள் மேற்கோளாகக் காட்டினார். திலகரும் வடமொழி வல்லவர்; விடவில்லை. இருவரும் ஒரே நூல்களை வைத்துக்கொண்டு வழக்காடியதைக் காணும்போது, பழைய நூலைப் படிப்பது ஓய்வு நேர விளையாட்டன்று என்பது விளங்குகிறது. அந்த விவாதத்தின் முடிவில் பத்து வயதுப் பெண் குழந்தைகளின் உடல்நலம் தொங்கிக்கொண்டிருந்தது. மசோதா அவ்வாண்டே சட்டமாயிற்று.

இரண்டாவது சோதனை இதனினும் கடினமானது. அவருடைய மகள் ஒருத்தி விதவையானாள். விதவை மறுமணத்தை மேடையில் ஆதரிப்போர் அந்நாளிற் பலர் இருந்தனர். அவருடைய நண்பர் ரானடேயே, 1873-இல் மனைவியை இழந்தபோது, தந்தையின் சொல்லைத் தட்டமாட்டாமல் ஒரு சிறுமியை மணந்துகொள்ள நேர்ந்தது. கொள்கைக்கும் குடும்பத்துக்கும் இடையே அகப்பட்ட நல்லவர்களின் நிலை அது. பண்டார்க்கர் 1891-இல் தம் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். சாதியார் அவரை ஒதுக்கினர். அவர் தம் செயலை மாற்றிக்கொள்ளவில்லை. இதனைப் பற்றி அதிகம் பேசுவது முறையன்று. நம் வீடுகளிலும் இத்தகைய வேளைகள் வந்திருக்கின்றன. அப்போது நாம் என்ன செய்தோம் என்பது அவரவர்க்குத் தெரியும்.

அரசியலில் அவருக்கும் நமக்கும் இடையே தொலைவு உண்டு. ஆங்கில ஆட்சி நாட்டுக்கு நன்மை தரும் என்று அவர் கடைசிவரை நம்பினார். 1911-இல் சர் பட்டத்தையும் ஏற்றார். திலகரின் புனே அவரைப் பெருமிதத்தோடு பார்த்தது. அன்போடு பார்த்தது என்று சொல்வதற்கில்லை.

வழிபாட்டில் அவர் பிரார்த்தனை சமாஜத்தைச் சார்ந்தவர். உருவ வழிபாட்டை விலக்கிய அச்சமாஜம் அடியார் பாடல்களை விலக்கவில்லை. நம் தேஹு ரோடிலிருந்து சில கல் தொலைவில், இந்திராயணிக் கரையிலுள்ள தேஹு கிராமத்தில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராமின் அபங்கங்களைக் கொண்டே பண்டார்க்கர் தம் சமயச் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். வேதத்தையும் வியாகரணத்தையும் கரைகண்டவர், வாணிகம் செய்து நொடித்துப்போன ஒரு குணபியின் மராத்திப் பாட்டில் ஆறுதல் கண்டார். பண்டரிபுரத்துக்குப் பல்லக்குப் புறப்படும்போது நம் பிள்ளைகளும் வழியோரம் நின்று கேட்பது அப்பாடல்களைத்தான்.

பக்தியைப் பற்றிய இந்த ஈடுபாடே அவரைத் தமிழ்நாட்டின் வாயிலுக்கும் கொணர்ந்தது. 1913-இல் ஜெர்மானியப் பதிப்பாக வெளிவந்த வைணவம், சைவம் முதலிய சமயங்களைப் பற்றிய நூலில் ஆழ்வார்களைக் குறித்தும் எழுதினார். அங்கே அவர் கால் இடறியது. குலசேகர ஆழ்வாரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்தார். காரணம்? தார்வார்ப் பக்கத்து நரேகல் என்னும் ஊர்க் கோயிற் கல்வெட்டொன்றில், சிந்தர் குலத்துப் பெர்மாடி என்னும் தலைவன் குலசேகரன் என்ற பெயருடைய ஒருவனை வென்றதாகச் செய்தி வருகிறது. அவனே ஆழ்வார் என்று கொண்டார். கல்வெட்டு உண்மை; பெயரும் உண்மை. ஆனால் குலசேகரன் என்ற பெயர் தெற்கே ஒருவருக்கு மட்டும் உரியதா?

சென்னைப் பல்கலைக் கழக வரலாற்றுப் பேராசிரியர் சா. கிருஷ்ணசுவாமி ஐயங்கார் இம்முடிவை மறுத்தெழுதினார். மறுப்புக்குரிய பொருள் தமிழகத்துக் கோயில்களிலேயே கிடந்தது. திருவரங்கத்தில் முதற் குலோத்துங்கனின் பதினெட்டாம் ஆண்டுக் கல்வெட்டு, அதாவது 1088-ஆம் ஆண்டினது, குலசேகரரின் பெருமாள் திருமொழியில் இரண்டாம் பதிகத்தைத் திருவிழா நாட்களில் ஓதுவதற்கு நிவந்தம் செய்திருப்பதைக் கூறுகிறது. பெர்மாடியின் வெற்றிக்குச் சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அப்பாடல் கோயில் வழிபாட்டில் இடம்பெற்று, அறக்கட்டளையும் பெற்றுவிட்டது. பாடியவர் அதற்கும் எவ்வளவோ முந்தியவராக இருந்தால்தானே இது நடக்கும்? ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியே இன்று அவரைப் பெரும்பாலோர் வைக்கின்றனர்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டு, தமிழறியாதவர் தமிழைப் பற்றி எழுதினால் இப்படித்தான் என்று நகைக்க நமக்குத் தோன்றலாம். அது போதாது. பதஞ்சலியின் வினைமுற்றுக்களைத் துருவித் துருவிப் பார்த்த கண், நாலாயிரத்தின் முன் துருவிப் பார்க்க இயலவில்லை. மொழி தெரியாமையால் பெயர் ஒற்றுமை என்ற வெளிச்சுவரோடு நின்றுவிட்டது. அவ்விழுக்காட்டைத் திருத்தியவர் கையாண்டதும் பண்டார்க்கர் மாணவர்க்குக் கற்பித்த அதே முறைதான். பாடலைப் பாடல் என்று மட்டும் பாராமல், அதற்கு நெல்லும் பொன்னும் ஒதுக்கிய கல்லையும் சாட்சிக்கு அழைக்கும் முறை. ஆழ்வார்களை இன்னும் பல்லாயிரம் ஆண்டு முன்னே தள்ளும் குருபரம்பரைக் கணக்கை நம்பியிருந்தாலும் அவரைத் திருத்தியிருக்க முடியாது.

1917-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், அவருடைய எண்பதாவது பிறந்த நாளில், மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து நாம் முதலிற் குறிப்பிட்ட ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினர். தம் நூல்கள் அனைத்தையும் அதற்கே அளித்தார். டெக்கான் கல்லூரியிலிருந்த அரசினர் சுவடிகளும் அங்கே வந்து சேர்ந்தன. 1919-இல் அகில இந்தியக் கீழ்த்திசை மாநாடு முதன்முறையாகக் கூடியதும் அங்கேதான். தலைவராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றவர் பண்டார்க்கர். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் மகாபாரதத்தின் ஆராய்ச்சிப் பதிப்புக்கும் தொடக்கம் செய்யப்பட்டது. 1925 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது முதற் பகுதிகூட அச்சேறவில்லை.

அவ்வாண்டே பதிப்புப் பொறுப்பை ஏற்றவர் விஷ்ணு சீதாராம் சுக்தங்கர். தேவநாகரி, வங்காளம், சாரதை, தெலுங்கு, கிரந்தம், மலையாளம் என்று நாட்டின் பல எழுத்துக்களில் இருந்த சுவடிகள் வரி வரியாக ஒப்பிடப்பட்டன. புனேயில் மட்டுமன்றி, தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையத்திலும் ஒப்பிடும் பணி நடந்தது. தென்னாட்டுப் பாடம் பொதுவாக நீண்டது. பின்னால் சேர்ந்தவை அதில் மிகுதி. ஆயினும் தென்னாட்டுச் சுவடிகளுள் மலையாள எழுத்தில் உள்ளவை பழைய பாடத்தை நன்கு காத்திருக்கின்றன என்று சுக்தங்கர் கண்டார். 1943-இல், மகாபாரதத்தின் பொருளைப் பற்றிப் பம்பாயில் தொடர் சொற்பொழிவு நிகழ்த்திவந்த நாட்களில், இறுதிப் பொழிவு ஆற்றுவதற்கு முன்னரே அவர் உயிர் நீத்தார். பின்வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். 1966 செப்டம்பரில், குடியரசுத் தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் புனேக்கு வந்து பதிப்பின் நிறைவை அறிவித்தார். நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அப்பதிப்பின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே சில சுலோகங்களும், கீழே பொடி எழுத்தில் பாடவேறுபாடுகளும் காணப்படும். கீழ்ப்பகுதியில் ‘கி’ என்னும் ஒலிக்குரிய எழுத்தும் எண்ணும் வருமிடங்களிலெல்லாம், தமிழ்நாட்டில் எங்கோ ஓர் ஊரில் பெயரறியாத ஒருவர் எழுத்தாணி பிடித்துக் கிரந்த எழுத்திற் கீறிவைத்த பனையோலை ஒன்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.